அந்த எண்ணை எங்கள் தலையில் எழுதாதீர்கள்: கார் ஆலையின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கு,

உங்கள் சுற்றறிக்கை சென்ற மாதம், தகட்டை அழுத்திக் கார் பேனல்களாக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பின் அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர்ந்தது. ஒரே பக்கம்தான். ஒரு காருக்கு எங்கள் ஆலை எடுத்துக்கொள்ளும் ஆள்மணி நேரம், அதாவது எல்லோரும் சேர்ந்து உழைக்கும் மொத்த மணி, உங்கள் குழுமத்தின் மற்ற ஆலைகளைவிட அதிகம் என்கிறது முதல் பத்தி. ஆகவே அடுத்த மாடல் இங்கே வராது, வேறு நாட்டிலுள்ள உங்கள் இன்னொரு ஆலைக்குப் போகிறது என்கிறது இரண்டாவது. செலவைக் குறைப்பதற்காக எங்கள் கருவிப் பட்டறையான டூல் ரூமும் பயிற்சிக்கூடமும் மூடப்படும், தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையின் பராமரிப்பு வெளியே காண்ட்ராக்டுக்குப் போகும் என்று மூன்றாவது பத்தியோடு முடிகிறது. கையெழுத்துப் போட்டவர் பெயர்கூட இல்லை. ‘நிர்வாகம்’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது.

அந்த எண் தவறு என்று வாதாட வரவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாகத்தான் வரும். ஆனால் அது எங்கள் கையால் வந்த எண் அல்ல. அதில் பெரும்பகுதி நீங்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகளால் வந்தது. எத்தனை கார், எந்த மாடல், எவ்வளவு எந்திரம், எந்த விலைக்கு என்ஜின் என்று எல்லாவற்றையும் நீங்கள் தீர்மானித்துவிட்டு, கடைசியில் வகுத்து வரும் விடையை மட்டும் எங்கள் தலையில் எழுதுகிறீர்கள். அதையே காரணம் காட்டி மாடலையும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். இந்த ஆலை முதலில் உள்நாட்டு முதலாளி ஒருவரிடம் இருந்தது. பிறகு அவரும் ஒரு வெளிநாட்டு நிறுவனமும் பாதிப்பாதி வைத்திருந்தார்கள். அப்புறம் மொத்தப் பங்கும் உங்களிடம் வந்தது. மூன்று காலத்திலும் இங்கே வேலை பார்த்தவன். பொருளாதாரம் படித்ததில்லை. டை மாற்றத் தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கதவு பேனல் அடித்து முடித்துவிட்டுப் பானெட் அடிக்க வேண்டுமென்றால், பிரஸ்ஸில் இருக்கும் டையைக் கழற்றி வேறு டை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் பல டன் எடை. முதல் முதலாளி காலத்தில் இந்த வேலைக்கு அரை ஷிஃப்ட் போய்விடும். பிரஸ்ஸை நிறுத்திய பிறகுதான் கிரேனைத் தேடுவோம். அது வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். டைகள் ஒன்றுக்கொன்று வேறு உயரம், அதனால் ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸின் உயரத்தைப் புதிதாக வைக்க வேண்டும். போல்ட் பல அளவில் இருக்கும். அதற்கான ஸ்பானர் முந்தைய ஷிஃப்ட் ஆளின் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். ஒருவழியாக டை ஏறி உட்கார்ந்தாலும் முதலில் வரும் பேனல்களில் விரிசல் இருக்கும். ஷிம் என்கிற மெல்லிய தகட்டை அடியில் வைத்து, அடித்துப் பார்த்து, மறுபடியும் ஷிம் வைத்து, மறுபடியும் அடித்துப் பார்ப்போம். மாற்றுவது இவ்வளவு பாடு என்பதால், ஒரு டை ஏறிவிட்டால் வாரக்கணக்கில் தேவைப்படும் பேனலை ஒரேயடியாக அடித்துக் குவிப்போம். குவித்ததில் பாதி துருப்பிடிக்கும், ஃபோர்க்லிஃப்ட் இடித்து நெளியும். அன்றைக்கும் ஆள்மணிக் கணக்கு மோசமாகத்தான் இருந்தது. யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தோம்.

பாதிப் பங்கு வாங்கி வந்த நிறுவனம் புது பிரஸ் வாங்கித் தரும் என்று எதிர்பார்த்தோம். தரவில்லை. ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். அவர் முதல் சில நாள் எதுவும் பேசாமல் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நின்று பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு வேலை கொடுத்தார். பிரஸ் நின்ற பிறகு செய்யும் வேலைகளில் எதையெல்லாம் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்று நாங்களே பிரித்து எழுத வேண்டும். எழுதினோம். அடுத்த டை முன்கூட்டியே பக்கத்தில் வந்து நின்றது. எல்லா டைக்கும் அடியில் தட்டு வைத்து வெல்டு செய்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தது எங்கள் டூல் ரூம். போல்ட் ஒரே அளவுக்கு மாறியது. ஸ்பானர் பிரஸ்ஸின் தூணிலேயே தொங்கியது. சில மாதங்களில் அரை ஷிஃப்ட் வேலை இடைவேளை நேரத்துக்குள் முடிந்தது. குவித்துவைக்கும் தேவை போனது, குவித்துவைத்த இடமும் காலியானது.

இதெல்லாம் அந்த இன்ஜினியரின் கண்டுபிடிப்பு அல்ல. டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸின் டை மாற்றத்தை நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நிமிடத்துக்கு ஜப்பானிய இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ கொண்டுவந்தது 1970 வாக்கிலேயே நடந்து முடிந்த கதை. எங்களுக்கு மூன்று நிமிடம் கடைசிவரை வரவில்லை, அது வேறு விஷயம். அதே பழைய பிரஸ், அதே நாங்கள், உரிமையில் பாதி மட்டும் மாறியது. அந்தப் பாதியோடு பணத்தைவிடப் பெரிய ஒன்று வந்தது. வேலை தெரிந்தவன் பேச்சைக் கேட்டு வேலையை மாற்றலாம் என்ற வழக்கம் அது. ஆகவே வெளிநாட்டு முதலீடு வேண்டாம் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. அதன் பலனைக் கையால் தொட்டுப் பார்த்தவன்.

ஃபிரீமாண்ட் ஆலையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலை, ஆள் வராமை, தகராறு, மோசமான தரம் என்று பெயரெடுத்து 1982இல் மூடப்பட்டது. டொயோட்டா பாதிப் பங்குதாரராக உள்ளே வந்து, 1984 இறுதியில் நம்மி என்ற பெயரில் அதைத் திறந்தது. வேலைக்கு எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மூடிய ஆலையின் பழைய தொழிலாளர்கள். தொழிற்சங்கமும் அதேதான். லைனில் கயிறு கட்டினார்கள். கோளாறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், தேவைப்பட்டால் லைன் நிற்கும். பழைய நிர்வாகத்தின்கீழ் லைனை நிறுத்துவது என்பது வேலைக்கே உலை வைத்துக்கொள்வது மாதிரி.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் நடுவில் மணிக்கணக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு ஆலையான ஃபிரேமிங்ஹாமில் ஒரு காருக்கு 31 மணி நேரம். ஜப்பானில் டொயோட்டாவின் டகவோகா ஆலையில் 16. நம்மியில் 19. நூறு காருக்கு இத்தனை கோளாறு என்று பார்த்தால் ஃபிரேமிங்ஹாமில் 135, மற்ற இரண்டிலும் 45. அதே ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பத்தாண்டில் ரோபோவுக்கும் தானியங்கி எந்திரங்களுக்கும் பல ஆயிரம் கோடி டாலர் கொட்டியது. பழைய ஆட்களை வைத்துக்கொண்டு நம்மி எட்டிய இடத்தை அந்தப் பணத்தால் எட்ட முடியவில்லை.

இந்த எண்களில் உங்கள் கண்ணில் படவேண்டிய இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்த ஆய்வாளர்கள் முதலில் எடுத்த நேரடிக் கணக்கில் ஃபிரேமிங்ஹாமுக்கு 40.7 மணி நேரம் வந்தது, டகவோகாவுக்கு 18. அப்படியே அச்சடித்துவிட்டுப் போகவில்லை. இரண்டு ஆலையும் ஒரே வேலைகளைத்தான் செய்கின்றனவா, கார் ஒரே அளவா, இடைவேளை நேரம் எவ்வளவு என்று பார்த்துத் திருத்தினார்கள். திருத்திய பிறகுதான் 31, 16 என்று வந்தது. இடைவெளி கிட்டத்தட்ட 23 மணியிலிருந்து 15ஆகச் சுருங்கியது. இடைவெளி மறையவில்லை, உண்மையான வித்தியாசம் உண்மையாகவே நின்றது. திருத்தாமல் விட்டிருந்தால் இல்லாத குற்றம் ஏறத்தாழ எட்டு மணி நேரம் அந்தத் தொழிலாளிகள் பெயரில் ஏறியிருக்கும். உங்கள் சுற்றறிக்கையில் இருப்பது அந்தத் திருத்தாத கணக்கு.

ஏன் திருத்த வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். ஆண்டுக்கு 2 லட்சம் கார் தயாரிக்கும் ஆலை, 4,000 பேர், ஒருவர் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் வேலை செய்கிறார். மொத்தம் 80 லட்சம் மணி நேரம். ஒரு காருக்கு 40. அடுத்த ஆண்டு அதே ஆலைக்கு 1 லட்சம் கார்தான் ஆர்டர். ஆளைப் பாதியாக்க முடியுமா? பெயின்ட் ஷாப் அடுப்பு பாதி வெப்பத்தில் ஓடாது. கொதிகலன், கம்ப்ரசர், மெயின்டனன்ஸ், ஸ்டோர், தரப் பரிசோதனை எல்லாம் இருந்தே ஆக வேண்டும். பஸ்ஸில் பத்துப் பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் டிரைவர் ஒருவர்தான். கஷ்டப்பட்டு 3,000 பேருக்குக் குறைத்தாலும் 60 லட்சம் மணி நேரம் ஆகிறது. ஒரு காருக்கு 60. யாருடைய கையும் மெதுவாகவில்லை. ஆனால் காகிதத்தில் ஆலை ஒன்றரை மடங்கு சோம்பேறி ஆகிவிட்டது.

எங்களுக்கு நடந்தது இதுதான். நீங்கள் வந்த பிறகு ஏற்றுமதி ஆர்டரை வேறு ஆலைக்கு மாற்றினீர்கள். அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். நாணய மதிப்பு, கப்பல் செலவு, அந்த நாட்டு அரசு கொடுத்த சலுகை, ஏதோ ஒன்று. காரணத்தை இன்றுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. இரண்டு ஷிஃப்ட் ஒன்றானது, மணிக்கணக்கு ஏறியது. ஏறிய கணக்கைக் காட்டி இப்போது மாடலும் போகிறது. மாடல் போனால் ஆர்டர் இன்னும் குறையும், கணக்கு இன்னும் ஏறும். அப்புறம் இன்னொரு சுற்றறிக்கை வரும்.

ஆள் தலைக்கு எத்தனை கார் என்ற கணக்கும் அப்படித்தான். சீட் பொருத்தும் பிரிவில் 300 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை மதில் சுவருக்கு வெளியே ஒரு வென்டருக்குக் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன 2 லட்சம் கார் ஆலையில் ஒரே நாளில் காருக்கு 3 மணி நேரம் குறைந்துவிடும். சீட் தைக்கிறவர்கள் அதே 300 பேராகவே இருக்கலாம், சம்பளம் மட்டும் குறைவாக இருக்கும். நீங்கள் எங்களோடு ஒப்பிட்ட ஆலையில் சீட், டேஷ்போர்டு, பம்பர் எல்லாம் பக்கத்து வென்டர்களிடமிருந்து முழுதாக வந்து இறங்குகின்றன. இங்கே இன்னும் பாதிக்குமேல் உள்ளே செய்கிறோம்.

அப்புறம் வடிவமைப்பு. நாங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் மாடலின் பக்கவாட்டுப் பேனல் பல துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டையும் தனியாக அடித்து, ஜிக் என்கிற பிடிமானச் சட்டத்தில் பிடித்து, ஸ்பாட் வெல்டு வைத்து, ஒட்டுப்போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டும். புது மாடலில் அது ஒரே அடியில் ஒரே துண்டாக வருகிறது. அங்கே வெல்டு வைப்பது ரோபோ. இங்கே கையில் வெல்டிங் கன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆள். அந்த மாடலை வரைந்தது நாங்கள் இல்லை, அதை இத்தனை ஆண்டு மாற்றாமல் வைத்திருந்ததும் நாங்கள் இல்லை.

மதிப்புக்கூட்டல் என்று இன்னொரு அளவை உங்கள் ஆண்டறிக்கையில் பார்த்தேன். விற்ற மதிப்பில் வெளியே வாங்கிய பொருளின் விலை போக மிஞ்சுவது அது. அது இன்னும் வேடிக்கை. என்ஜினும் கியர்பாக்ஸும் உங்கள் ஆலையிலிருந்து வருகின்றன, விலை நிர்ணயிப்பது நீங்கள். ராயல்டி சதவீதமும் நீங்கள் சொல்வதுதான். என்ஜின் விலையை நீங்கள் கொஞ்சம் ஏற்றினால், நாங்கள் ஒரு போல்ட்டைக்கூட மாற்றிப் போடாமலே எங்கள் மதிப்புக்கூட்டல் இறங்கிவிடும், உங்கள் ஆலையுடையது ஏறிவிடும். சட்டைப்பையை மாற்றிக்கொண்டதற்கு உற்பத்தித்திறன் என்று பெயர் வைக்கிறீர்கள்.

பிரிட்டனின் கார், என்ஜின் ஆலைகளின் கணக்கை எடுத்து 1999இல் ஒரு பொருளாதார ஆய்வு வெளிவந்தது. வெளிநாட்டு உரிமையில் உள்ள ஆலைகளில் ஆள் தலைக்கு உற்பத்தி தெளிவாகவே அதிகம் என்று அது சொன்னது. ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த ஆலைகள் போடும் மூலதனமும் மற்ற உள்ளீடுகளும் அதிகம் என்பதால் வந்தது. அவற்றையும் சேர்த்து எடைபோட்டால் மிஞ்சும் வித்தியாசம் சிறியது. அதாவது நல்ல கருவி கொடுத்தால் நல்ல எண் வரும். கருவி கொடுப்பது உரிமையாளர் வேலை.

இதற்கு நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் பிரிட்டனின் ரோவர் கார் நிறுவனத்தைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ 1994இல் 80 கோடி பவுண்டுக்கு ரோவரை வாங்கியது. 2000இல் கைகழுவியது. அப்போது நடந்த ஒரு காரியத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. புது மினி கார் தயாராக வேண்டிய இடம் ரோவரின் லாங்பிரிட்ஜ் ஆலை. ரோவர் 75 என்ற மாடல் ஓடிக்கொண்டிருந்தது கௌலி ஆலையில். ரோவரை விற்கும்போது பிஎம்டபிள்யூ மினியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது, கௌலி ஆலையையும் வைத்துக்கொண்டது. மினியின் எந்திரங்கள் லாங்பிரிட்ஜிலிருந்து கௌலிக்குப் போயின. ரோவர் 75இன் லைன் கௌலியிலிருந்து லாங்பிரிட்ஜுக்குப் போனது. இரண்டும் ஒரே நாடு, ஒரே சட்டம், அதுவரை ஒரே உரிமையாளர். எந்த ஆலைக்கு எந்த மாடல் என்று மேலே ஒரு மேசையில் மாற்றிப்போட்டார்கள். 10 பவுண்டுக்குக் கைமாறிய ரோவர் 2005 ஏப்ரலில் மூழ்கி, ஏறத்தாழ 6,000 பேர் வேலை போனது. கௌலியில் 2001இல் தொடங்கிய மினி பெரிய வெற்றியானது. லாங்பிரிட்ஜ் தொழிலாளி கையில் திறமை இல்லை, கௌலி தொழிலாளி கையில் இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

மேலிருப்பவர் ஒரு ஆலையைக் காப்பாற்ற நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டில் சாட்சி உண்டு. ஃபோர்டின் ஹேல்வுட் ஆலை தகராறுக்கும் மோசமான தரத்துக்கும் பேர்போனது. 2000இல் அங்கே ஓடிய எஸ்கார்ட் மாடல் நின்ற பிறகு அதை இழுத்து மூடியிருக்கலாம். அன்றைக்கு ஜாகுவாரும் ஃபோர்டின் கையில்தான் இருந்தது. ஆலையை மாற்றியமைத்து, தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2001இல் ஜாகுவாரின் எக்ஸ்-டைப்பை அங்கே ஓட்டினார்கள். ஆலை பிழைத்தது, கெட்ட பெயரும் மாறியது.

வோல்வோவும் அப்படித்தான். 1999 முதல் ஃபோர்டிடம் இருந்தது, 2010இல் சீனாவின் கீலி வாங்கியது. கார் தொழிலில் ஃபோர்டின் அனுபவத்துக்கு முன் கீலி நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனால் புது அடித்தளத்தையும் புது என்ஜின்களையும் வோல்வோவே வடிவமைத்துக்கொள்ள விட்டது, அதற்குப் பணமும் வந்தது. 2010இல் ஏறத்தாழ 3.73 லட்சம் கார் விற்ற நிறுவனம் 2019இல் 7 லட்சத்தைத் தாண்டியது. மறுபக்கம் ஆஸ்திரேலியா. ஃபோர்டு 2016இல் அங்கே கார் செய்வதை நிறுத்தியது, டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஹோல்டனும் 2017 அக்டோபரில் ஆலைகளை மூடின. டொயோட்டா முறை தெரிந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆர்டர் இல்லாத இடத்தில் எந்த முறையும் எண்ணைக் காப்பாற்றாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஆர்டரும் மாடலும் மட்டும்தான் பிரச்சினை, மற்றபடி இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். பிரஸ் ஷாப்பிலும் நேரம் வீணாகிறது. ஆனால் எதனால் என்று பாருங்கள்.

கூட்டு நிறுவனக் காலத்தில் பேனலில் ஒரு கீறல் வந்தால் ஆபரேட்டரே பிரஸ்ஸை நிறுத்துவார். டூல் ரூமிலிருந்து ஆள் வந்து டையைத் தடவிப் பார்ப்பார். விரலில் தட்டுப்படும் அந்தச் சின்ன மேட்டை ஆயில் கல்லால் தேய்த்துவிட்டுப் போவார், பிரஸ் மறுபடி ஓடும். நீங்கள் வந்த பிறகு ஒவ்வொரு நிறுத்தமும் நிறுத்தியவர் பெயரோடு பதிவாகிறது. மாதக் கடைசியில் அந்தப் பட்டியல் சிவப்பு எழுத்தில் ஒட்டப்படுகிறது. சிவப்பில் வந்தவருக்கு ஊக்கத்தொகை வெட்டு. இப்போது யாரும் பிரஸ்ஸை நிறுத்துவதில்லை. கீறலோடு பேனல் பாடி ஷாப்புக்குப் போகிறது, பெயின்ட் ஷாப்புக்குப் போகிறது, பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கீறல் பளிச்சென்று தெரிகிறது. அங்கே தேய்த்து, மாவு பூசி, மறுபடியும் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரு கல்லால் தேய்த்து முடித்திருக்க வேண்டியது அரை நாள் ரீவொர்க் ஆகிறது. பிரஸ் ஷாப்பின் நிறுத்த நேரம் குறைந்துவிட்டது என்று உங்கள் அறிக்கையில் பச்சை அம்புக்குறி வந்திருப்பதையும் பார்த்தேன். ஒரு காருக்கான ஆள்மணி நேரம் ஏன் கூடியது என்று அதே அறிக்கை அடுத்த பக்கத்தில் வியக்கிறது.

இப்போது அந்த டூல் ரூமையும் மூடப்போகிறீர்கள். டையைக் கழற்றி லாரியில் ஏற்றி, காண்ட்ராக்டரிடம் அனுப்பி, திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பிரஸ் நிற்கக் கூடாதென்றால் மறுபடியும் பேனலை அடித்துக் குவிக்க வேண்டும். முதல் முதலாளி காலத்துக்கே திரும்பப் போகிறோம், வெளிநாட்டு முதலீட்டோடு. எல்லா டையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்த ஆட்களில் சிலர் இன்னும் அந்த டூல் ரூமில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கப்படவில்லை. கற்றுக்கொள்ள வந்த பயிற்சியாளர்களையும் பயிற்சிக்கூடத்தோடு சேர்த்து அனுப்பிவிடுவீர்கள். இதில் எவ்வளவு மிச்சம் பிடிப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், போட்டி கடுமை, மின்சாரக் கார் வருகிறது, எல்லா ஆலைக்கும் மாடல் கொடுக்க முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எங்கோ ஒரு ஆலை மாடலை இழக்கத்தான் வேண்டியிருக்கும். அது நாங்களாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். சலுகை அங்கே அதிகம் என்றால் அதைச் சொல்லுங்கள். சம்பளம் அங்கே குறைவு என்றால் அதையும் சொல்லுங்கள். எங்கள் கை மெதுவானது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரி இந்த ஆலையோடு நிற்காது. வேலை போய் வேறு வாசலில் நிற்கும் ஒவ்வொருவரோடும் கூடவே போகும்.

எனக்கும் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் உங்களிடம் கேட்க வேண்டியவை இவை.

மாடல் ஒதுக்கீட்டில் கடைசிக் கையெழுத்துப் போடும் முன், ஆர்டர் அளவு, மாடலின் வயது, எந்திரம், வெளியே கொடுத்த வேலை இவற்றைக் கணக்கில் எடுத்துத் திருத்திய ஆள்மணி நேரத்தை எல்லா ஆலைக்கும் வெளியிடுங்கள். திருத்தாத எண்ணையும் பக்கத்திலேயே போடுங்கள். திருத்திய பிறகும் நாங்கள் பின்தங்கியிருந்தால், எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல நாங்கள் தயார்.

என்ஜின், கியர்பாக்ஸ் விலை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, ராயல்டி எவ்வளவு போகிறது என்பதைத் தொழிற்சங்கத்துக்குக் காட்டுங்கள். காட்ட முடியாதென்றால் மதிப்புக்கூட்டல் எண்ணை எங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

டூல் ரூமையும் பயிற்சிக்கூடத்தையும் மூடும் உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த மாடல் எந்த ஆலைக்குப் போனாலும் சரி, இங்கே ஓடும் மாடலின் டைகளுக்குப் பராமரிப்பு வேண்டும்.

பிரஸ்ஸை நிறுத்தியவர் பெயரைச் சிவப்பில் ஒட்டுவதையும் ஊக்கத்தொகை வெட்டுவதையும் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். நிறுத்தியதற்கான காரணத்தைப் பதிவு செய்யுங்கள், பெயரை அல்ல.

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை இங்கே அனுப்புங்கள். ஆலோசனை நிறுவனத்து ஆள் வேண்டாம். ஒரு முழு ஷிஃப்ட் பிரஸ் ஷாப்பில் நிற்கட்டும், பிறகு அதே பேனல் பெயின்ட் ஷாப்பில் என்ன ஆகிறது என்று போய்ப் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும். அதில் ‘நிர்வாகம்’ என்று இல்லாமல், கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்